சோலைமலை முறையை முடித்துக்கொண்டார்

“வணக்கம் மக்களே. ஆந்தை ராஜ்ஜியம் விளையாட்டின் தமிழ்ப் பதிப்பு நேற்று வந்துவிட்டது. முதல் பார்வைக்கு எப்படி இருக்கிறது, புதிதாக ஆடுகிறவர்கள் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது, இதையெல்லாம் இந்த வீடியோவில் பார்க்கப்போகிறோம்.”

இந்த மூன்று வரியைச் சனிக்கிழமை காலையில் பதினோரு தடவை பதிவு செய்தேன். ஒவ்வொரு தடவையும் ‘பார்க்கப்போகிறோம்’ என்று சொல்லும்போது என் கண் கேமராவைப் பார்க்காமல் மேஜையில் கிடந்த போனைப் பார்த்தது. அக்கா எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து ஒன்பது தடவை கூப்பிட்டாயிற்று. மணி அடிக்கிறது, அடித்து ஓய்கிறது.

என் பெயர் சோலைமலை. இருபத்தொன்பது வயதுக்காரனுக்கு இந்தப் பெயரா என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். திண்டுக்கல் நாகல்நகரில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருக்கிறேன். வெளிநாட்டுக் கம்பெனிகளின் விளையாட்டுகளைத் தமிழாக்கிக் கொடுப்பது தொழில். அவற்றைப் பற்றிப் பேசி யூடியூபில் போடுவது வியாதி. இன்னொரு வியாதியும் உண்டு, என்னால் சும்மா இருக்க முடியாது. டாக்டரைப் பார்க்கப் போனால் டோக்கன் வரும்வரை உட்காராமல் ஆஸ்பத்திரியை நாலு சுற்றுச் சுற்றி வருவேன். தோசை வேகும் முன்பே திருப்பிப் போட்டுப் பிய்த்துத்தான் சாப்பிடுவேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அக்கா மகள் ஹரிணிக்குக் காதுகுத்து. ஆயக்குடியில் அவர்கள் கொய்யாத் தோப்புக்குப் பக்கத்துக் குலசாமி கோயிலில். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் நான். எங்கள் அப்பாவும் அம்மாவும் இல்லை. சத்யபிரியா அக்காவுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருப்பது நான் ஒருவன்தான். ஹரிணி அழப்போவது என் மடியில்தான் என்று அவள் பிறந்த அன்றைக்கே மனதில் எழுதி வைத்திருந்தேன். அப்படிப்பட்டவன் மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன்.

தேதி குறித்த அன்று அக்கா போன் செய்தாள். விளையாட்டின் தமிழ்ப் பதிப்பு வெளியாகும் வாரத்தில் தேதி விழுந்திருந்தது. முந்நூறு வரி தமிழாக்கம் பாக்கி. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. “அந்த வாரம் எனக்கு மூச்சு விட நேரமில்லக்கா. அம்புட்டு அவசரம்னா வேற யார் மடியிலயாவது வச்சுக் குத்திக்கங்க” என்று சொல்லிவிட்டேன். அக்கா “சரி” என்றாள். வைத்துவிட்டாள்.

நானும் அவளும் ஆந்தை ராஜ்ஜியத்தை இங்கிலீஷில் முன்பே ஆடிக்கொண்டிருந்தோம், அன்று சாயங்காலமே அவள் தன் ஆட்டத்தை ஆடியிருந்தாள். கோபம் இருந்தால் ஆடுவாளா? கோபமில்லை என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். பிறகு வேலை முடிந்தது. ஹரிணிக்குக் கம்மல் வாங்கி வைத்தேன். போகத்தானே போகிறோம், அதை எதற்குத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டேன். அவளும் கேட்கவில்லை. நாளுக்கு ஒரு ஆட்டம் என்று இருவரும் மாறி மாறி ஆடிக்கொண்டே இருந்தோம்.

ஆந்தை ராஜ்ஜியம் எப்படிப்பட்டது என்று இங்கே சொல்லிவிடுகிறேன், வீடியோவில்தான் சொல்ல முடியாமல் போயிற்று. தேன்கூட்டு அறைகள் போலக் கட்டம் கட்டமாக ஒரு நிலப்படம். ஒரு பக்கம் உங்கள் கோட்டை, மறுபக்கம் எதிராளியின் கோட்டை. நடுவில் பனி. உங்களிடம் வேவு பார்க்க ஆந்தைகள், அடிக்கக் கல்பூதங்கள், சுவர் மேல் நின்று தீ வைக்க இரண்டு சூனியக்காரிகள். நீங்கள் உங்கள் காய்களை எல்லாம் நகர்த்திவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் எதிராளியின் போனுக்குத் தகவல் போகும். அவர் ஆட நாற்பத்தெட்டு மணி நேரம் இருக்கிறது. அதுவரை நீங்கள் காத்திருக்க வேண்டும். முதல் பார்வையில் எனக்குப் பிடிக்காதது இது ஒன்றுதான். படங்கள் அழகு. ஆந்தை கழுத்தைத் திருப்பும்போது எலும்பு நெறிபடும் சத்தம்கூடக் கேட்கிறது. போன் சூடாகிறது, அதற்கு என்ன செய்ய முடியும்.

புதிதாக ஆடுகிறவர்களுக்கு நான் சொல்ல நினைத்த முதல் விஷயம், முதல் பத்து ஆட்டத்துக்குச் சண்டைக்குப் போகாதீர்கள். தானியக் களஞ்சியம் கட்டுங்கள், ஆந்தைகளை அனுப்புங்கள். இரண்டாவது, முடிக்கும் பொத்தான் வலது மூலையில், கட்டைவிரல் தானாகப் போய் விழும் இடத்தில் இருக்கிறது. அழுத்தினால் அழுத்தியதுதான், திரும்பி வர வழியில்லை. மூன்றாவது, எல்லோரும் மறக்கிற ‘காவல்’ என்கிற பொத்தான். ஒரு காயை நகர்த்தாமல் காவலில் நிறுத்தினால் அதன் காயம் ஆறும், பலம் இரண்டு மடங்காகும். அக்கா ஜெயிப்பது இதை வைத்துத்தான். அவள் பூதங்கள் காவலில் உட்கார்ந்தே இருக்கும். நான் மூன்றாவது ஆட்டத்திலேயே பாய்ந்து போய் அவற்றின் மேல் மோதிச் சில்லுச் சில்லாவேன். இதுவரை ஆறு தடவை ஆடியிருக்கிறோம், ஆறிலும் அவள்தான்.

பன்னிரண்டாவது தடவை பதிவு செய்ய வாயைத் திறந்தபோது போன் அடித்தது. பாய்ந்து எடுத்தேன். அக்கா இல்லை, பொன்னுத்துரை அண்ணன். எங்கள் பெரியப்பா மகன், ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் வேலை. தீபாவளிக்குத் தீபாவளி பேசிக்கொள்வோம்.

“ஏலே சோலை, பட்டு வேட்டிக்குச் சட்டை வெள்ளையே போட்டுக்கிரவா, சந்தனக் கலர்ல எடுக்கவா?”

“எதுக்குண்ணே?”

“எதுக்கா? நாளைக்கு மாமனா உக்காரணும்ல. ஆயக்குடில இருந்து நேத்து ராத்திரி போன் வந்துச்சே. நீ வரலையாம்ல.”

“யாரு சொன்னா நான் வரலன்னு?”

“சொர்ணலட்சுமி அத்தைதான். நீயே எழுதி அனுப்பிட்டியாம்ல. ‘முறை முடிஞ்சுபோச்சு, இனிமே உங்க வழியப் பாத்துக்கங்க’ன்னு. ஏன்டா, ஆயிரம் இருந்தாலும் கூடப்பிறந்தவகிட்ட அப்படியா எழுதுறது?”

சொர்ணலட்சுமி அத்தை அக்காவின் மாமியார். அவருக்கு நான் வாழ்நாளில் ஒரு வரி எழுதியதில்லை. அண்ணனிடம் அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். பாதியில் நின்றுவிட்டேன். எழுதியிருந்தேன். நான்தான் எழுதியிருந்தேன்.

ஆறு மாதத்துக்கு முன்னால் இந்தத் தமிழாக்க வேலை வந்தபோது நான் அதிகம் முட்டிக்கொண்டது ‘டர்ன்’ என்கிற ஒற்றை இங்கிலீஷ் சொல்லோடுதான். ‘சுற்று’ என்று போட்டால் எல்லோரும் ஆடி முடித்த மொத்தச் சுற்றாகிவிடுகிறது. ‘வாய்ப்பு’ என்றால் யாரோ பிச்சை போட்டதுபோல் இருக்கிறது. ‘ஆட்டம்’ என்றால் ஆட்டம் முழுவதுமே முடிந்துவிட்டதாக ஆகும். ‘முறை’ என்று போட்டேன். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சொல்வதுதானே, உன் முறை, என் முறை. கம்பெனிக்காரர்கள் வரிகளை ஒரு பட்டியலாகத்தான் அனுப்புவார்கள். எந்த வரி எங்கே வரும் என்று சொல்லமாட்டார்கள். ஒருவர் தன் ஆட்டத்தை முடித்துவிட்டார், இனி நீங்கள் நகரலாம் என்ற பொருளில் இரண்டு வரி வந்தது. மொட்டையாக இருக்கிறதே, ராஜா ராணி கதை, கொஞ்சம் கம்பீரமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். ‘இவர் உங்களுடனான முறையை முடித்துக்கொண்டார். இனி நீங்கள் உங்கள் வழியைப் பார்க்கலாம்’ என்று எழுதினேன். எழுதிவிட்டு நானே ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்து ரசித்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்த ‘இவர்’ இருக்கிற இடத்தில் ஆடுகிறவரின் பெயர் வந்து உட்காரும். மற்றவர்கள் எல்லாம் புலிவேட்டை, இருள்மன்னன் என்று புனைபெயர் வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். நான் சோலைமலை என்றே வைத்திருந்தேன். அக்காவின் போனில் ஹரிணியின் போட்டோ நிறைந்து இடமில்லாததால் அவள் ஆடுவது மாமியார் போனில். வியாழக்கிழமை வரை தகவல் இங்கிலீஷில் வந்தது, அந்த அம்மா அதைத் தள்ளிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை தமிழ்ப் பதிப்பு வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு, தமிழில் எப்படித் தெரிகிறது பார்ப்போம் என்ற பரபரப்பில், நான் வலது மூலைப் பொத்தானை அழுத்தினேன்.

அத்தையின் போனுக்கு என்ன போயிருக்கும் என்று இப்போது தெரிந்தது. ‘சோலைமலை உங்களுடனான முறையை முடித்துக்கொண்டார். இனி நீங்கள் உங்கள் வழியைப் பார்க்கலாம்.’ காதுகுத்துக்கு இரண்டு நாள் முன்னால். தாய்மாமனிடமிருந்து.

அத்தைக்குப் போன் போட்டேன். கட் ஆனது. மறுபடி போட்டேன், மறுபடி கட். முருகேசன் மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், எடுத்து, “பந்தல்காரங்க வந்திருக்காங்க மாப்ள, அப்புறம் பேசறேன்” என்று ஒரே மூச்சில் சொல்லி வைத்துவிட்டார். கம்மல் இருந்த சிவப்பு டப்பாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கி ஓடினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பாதி தூரம் போன பிறகுதான் கேமரா விளக்கை அணைக்கவில்லை என்று ஞாபகம் வந்தது. எரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டு வாசலில் சிறுமலை வாழைப்பழம் ஒரு பெரிய சீப்பு வாங்கினேன். வெறுங்கையோடு போனால் அந்த முறை முடித்தல் உறுதியாகிவிடும் என்று பயம். பழனி பஸ்ஸில் ஏறி மூன்று இடம் மாறி உட்கார்ந்தேன். வண்டி கிளம்ப இன்னும் எட்டு நிமிஷம் என்றார் கண்டக்டர். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்டேன். நாலாவது தடவை, “நீங்க வேணா ஓட்டுறீங்களா தம்பி” என்று சீட்டைக் காட்டினார்.

கம்பெனிக்கு மெயில் எழுதினேன், ஒரு வரியை உடனே மாற்ற வேண்டும், குடும்ப விவகாரம் என்று. ரெட்டியார்சத்திரம் தாண்டும்போது பதில் வந்தது. உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, திருத்தங்கள் அடுத்த மாதப் பதிப்பில் சேர்க்கப்படும். ஒட்டன்சத்திரத்தில் வண்டி கால் மணி நேரம் நின்றது. வெளியே முருங்கைக்காய்க் கட்டுகள் லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. அங்கே எங்கேயோ ஒரு துணிக்கடையில் பொன்னுத்துரை அண்ணன் சந்தனக் கலர் சட்டையைத் தோளில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று தோன்றியது. முறைப்படி அவரும் மாமன்தான். குற்றம் சொல்ல முடியாது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஆயக்குடியில் இறங்கி, ரோட்டோரம் கொய்யாக் கூடைகள் வைத்திருந்த பெண்களைத் தாண்டி, தோப்பு வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மணி இரண்டு. வாசலில் பந்தல் போட்டு முடித்திருந்தார்கள். முன்னறையில் சொர்ணலட்சுமி அத்தை வெற்றிலையைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். முருகேசன் மாமா ஏணியில் நின்று சீரியல் விளக்கு மாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இரண்டு பேர் கையும் நின்றது.

“வாங்க தம்பி” என்றார் அத்தை. “உக்காருங்க. வெயில்ல வந்திருக்கறீங்க, மோர் குடிக்கறீங்களா?”

அந்தப் பக்கத்துப் பேச்சு எப்போதும் மரியாதையானது. ஆனால் அத்தை என்னை ‘வா சாமி’ என்றுதான் கூப்பிடுவார். ‘வாங்க தம்பி’ என்றால் நான் கேபிள் டிவிக்காரன்.

“அத்தை, அந்த மெசேஜு…”

“அதுக்கென்னுங்க. அவுங்கவுங்க சவுரியம்.”

“இல்லத்தை, அது நான் அனுப்பினது இல்ல.”

அத்தை இடுப்பிலிருந்து போனை எடுத்தார். தகவலை அழிக்காமல் வைத்திருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஏதோ பத்திரம் படிப்பதுபோல நிறுத்தி நிறுத்திப் படித்தார். என் தமிழ் அவர் வாயில் இன்னும் கம்பீரமாக இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நேரம் காலம் தெரியாத சிரிப்பு, பிறவியிலேயே வந்த கேடு.

“சிரிக்கறீங்க” என்றார் அத்தை. “உங்க பேர்தானுங்க போட்டிருக்குது?”

“பேர் என்னோடதுதான்.”

“எழுத்து?”

“எழுதினதும் நான்தான் அத்தை. ஆனா உங்களுக்கு எழுதல. எல்லாருக்கும் பொதுவா எழுதினேன்.”

“ஊருக்கே எழுதிட்டீங்களா?” என்று கேட்டுவிட்டு அத்தை கண்ணாடியைக் கழற்றினார். ஏணியில் இருந்த மாமா கீழே இறங்காமல் அப்படியே தலையில் கை வைத்துக்கொண்டார்.

நான் விளக்க ஆரம்பித்தேன். விளக்க விளக்கக் கெட்டுப்போனது. இது ஒரு விளையாட்டு, ஆந்தைகள் வரும், நான் சூனியக்காரியை நகர்த்தினேன், அதனால் உங்களுக்கு மெசேஜ் வந்தது என்றேன். காதுகுத்து வீட்டில் சூனியக்காரி என்ற சொல் விழுந்ததும் அத்தை வெற்றிலைத் தட்டை ஒரு முழம் தள்ளி வைத்தார்.

அப்போதுதான் அக்கா உள்ளே இருந்து வந்தாள். இடுப்பில் ஹரிணி, கையில் கொய்யாத் துண்டு. என்னைப் பார்த்தாள், வா என்று சொல்லவில்லை. மாமியாருக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து குழந்தைக்குக் கொய்யா ஊட்டத் தொடங்கினாள்.

எனக்கு உயிர் வந்தது. அக்காவுக்குத் தெரியும். முப்பது ஆட்டமாக இங்கிலீஷில் அதே தகவல் வந்து பார்த்தவள். ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

“அக்கா, நீயே சொல்லு. இது நம்ம கேம்தான?”

அக்கா கொய்யா விதையை வழித்துத் தட்டில் போட்டாள்.

“சரி, சொல்ல வேணாம். காட்டிரலாம். நேத்து நான் ஆடிட்டேன். இப்ப உன் முறை. ஒரே ஒரு கட்டம் நகத்தி முடி. முடிச்சா எனக்கும் இதே மெசேஜு உன் பேர்ல வரும். அத்தை பாத்துக்கிரட்டும்.” அத்தையின் போனை வாங்கி அவள் முன்னால் நீட்டினேன்.

“ஏன் இப்பவே ஆடணும்?” என்றாள் அக்கா. “நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் இருக்குல்ல.”

“நாளைக்குச் சாயங்காலம்னா காதுகுத்து முடிஞ்சிரும்.”

“ஆமா.”

அவள் முகத்தைப் பார்த்தேன். ஆறு தடவையும் நான் மோதிச் சில்லாகும்போது அந்தப் பக்கத்தில் அவள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அப்போது தெரிந்தது. காவலில் நிற்கிறாள். மூன்று வாரமாக நிற்கிறாள்.

“நேத்து அத்தை இதக் காட்டுனப்போ இது கேம்னு சொல்லிருக்கலாமேக்கா.”

“சொல்லிருக்கலாம்” என்றாள். “வாயத் தொறந்தேன். ஆனா என்னான்னு சொல்லுறது? எந்தம்பி அப்படிச் சொல்றவன் இல்லன்னா? ஒரு தமிழாக்கத் தப்புன்னு காட்டிட்டா எல்லாம் சரியாப் போச்சாடா? மூணு வாரத்துக்கு முன்னாடி வாயால சொன்னியே, வேற யார் மடியிலயாவது வச்சுக்கங்கன்னு. அது எந்த பாஷையில இருந்து எந்த பாஷைக்கு?”

அத்தைக்கும் மாமாவுக்கும் அது புதுச் செய்தி என்பது அவர்கள் முகத்தில் தெரிந்தது. அக்கா அதை அவர்களிடம் சொல்லாமல் தானே வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். பிறந்த வீட்டை விட்டுக்கொடுக்கக்கூடாது என்று வைத்திருந்திருக்கிறாள். அதைப் புரிந்துகொண்டபோது எனக்கு அவமானமாக இருந்தது. அழுகையும் வந்தது.

“பால் பொங்கிருச்சுக்கா அன்னைக்கு” என்று ஆரம்பித்தேன்.

“விளக்காத.”

“வேலை…”

“விளக்காதன்னேன்ல. நானும் ஒவ்வொரு நாளும் ஆடிட்டு ஆடிட்டுப் பாக்குறேன், இன்னைக்குச் சொல்வான், நாளைக்குச் சொல்வான்னு. ஆந்தைய அனுப்புற, பூதத்த அனுப்புற. ஒரு சொல்லு அனுப்புனியா?”

வாயை மூடினேன். பிறகு திறந்தபோது ஒன்றே ஒன்றுதான் இருந்தது சொல்வதற்கு.

“தப்பு என்னோடது. சொல்லிருக்கக் கூடாது, சொன்ன மறுநிமிஷம் திருப்பி எடுத்திருக்கணும். ஹரிணி எம் மடியிலதான் உக்காரணும்க்கா. அது எனக்கு வேணும். அத்தை, மாமா, நான் சொன்னதுக்கு மன்னிச்சுக்கங்க. உக்கார விடுங்க.”

வழக்கமாக இந்த இடத்தில் நான் இன்னும் பத்து வாக்கியம் பேசியிருப்பேன். கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். வெளியே பந்தல்காரன் கயிறு இழுக்கும் சத்தம் கேட்டது. அக்கா கொய்யாவை முழுதும் ஊட்டி முடித்து, ஹரிணியின் வாயை முந்தானையால் துடைத்து, தன் கையையும் துடைத்தாள். அதற்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. என் கணக்கில் நாற்பத்தெட்டு மணி நேரம்.

பிறகு மாமியாரின் போனை எடுத்து ஓர் ஆந்தையை ஒரு கட்டம் நகர்த்தினாள். வலது மூலையில் கட்டைவிரலை வைத்தாள்.

என் போன் சிணுங்கியது. பார்க்காமலே அத்தையிடம் நீட்டினேன். கண்ணாடி மறுபடி ஏறியது. “சத்யபிரியா உங்களுடனான முறையை முடித்துக்கொண்டார். இனி நீங்கள் உங்கள் வழியைப் பார்க்கலாம்” என்று படித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருமகளைத் திரும்பிப் பார்த்தார். “நீ எப்ப கண்ணு முடிச்ச?”

“இப்பத்தானுங்க அத்தை. ஆந்தை ஒரு கட்டம் போச்சு.”

அத்தை இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். “இப்படி எழுதறதுக்குச் சம்பளம் வேற குடுக்கறாங்களா?” என்று என்னைக் கேட்டார். ஏணி மேல் மாமா சிரித்த சிரிப்பில் சீரியல் விளக்கு அவிழ்ந்து தொங்கியது.

“வேற என்ன போடுறது அத்தை? ஆறு மாசம் யோசிச்சேன்.”

“‘அடுத்து நீங்க’ன்னு போட்டா ஆகாதா சாமி?”

அடுத்து நீங்கள். இரண்டே சொல். ஆறு மாதமாக என் மண்டையில் உதிக்காதது, வெற்றிலை துடைத்துக்கொண்டே வந்துவிட்டது. ஆனால் எனக்கு அந்த நிமிஷத்தில் காதில் விழுந்தது ‘சாமி’ மட்டும்தான்.

பொன்னுத்துரை அண்ணனுக்கு மாமா போன் செய்தார். அண்ணன் சந்தனக் கலரில் எடுத்து முடித்திருந்தார். “பரவால்ல, போட்டுட்டு வந்து மொய்ப் பக்கம் உக்காந்துக்கிறேன்” என்றாராம். அன்று சாயங்காலம் சந்தோஷம் தாங்காமல் என் பூதங்கள் எல்லாவற்றையும் அக்காவின் எல்லைக்கு அனுப்பிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். கோட்டையில் ஓர் ஆந்தைகூட மிச்சம் வைக்கவில்லை. நான் வீடியோவில் சொல்ல இருந்த மூன்று விஷயத்தையும் ஒரே ஆட்டத்தில் மீறியாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்குக் கோயில் வாசலில் ஜமக்காளம் விரித்திருந்தது. மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய தலையோடு ஹரிணி எல்லோரையும் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆசாரி ஊசியையும் நான் கொண்டுவந்த கம்மலையும் தட்டில் எடுத்து வைத்தார். மாலை போட்டுக்கொண்டு எங்கே நிற்பது என்று தெரியாமல் நான் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்துகொண்டிருந்தேன்.

“சாமி” என்று கூப்பிட்டார் சொர்ணலட்சுமி அத்தை. ஜமக்காளத்தைக் கையால் தட்டிக் காட்டினார். “அடுத்து நீங்க.”

உட்கார்ந்தேன். ஹரிணியை என் மடியில் வைத்தார்கள். அவள் என் கட்டைவிரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“மாமா ஆடக் கூடாதுங்க” என்றார் ஆசாரி. “நீங்க அசைஞ்சா பாப்பாவும் அசையும். தொளை எடம் மாறிப் போயிரும்.”

முதல் காது. ஹரிணி வீரிட்ட வீரிடலில் எனக்கு உடம்பெல்லாம் ஆடியது, ஆனால் மடி ஆடவில்லை. கண்ணீர் என் கன்னத்தில் இறங்கியது, துடைக்கவும் கையை எடுக்கவில்லை. ஆசாரி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

அப்போது என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எதிரே கூட்டத்தின் முன்வரிசையில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். கையில் மாமியார் போன். அவள் கண்ணும் நிறைந்திருந்தது. போட்டோ எடுக்கிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். அவள் கட்டைவிரல் வலது மூலையில் இருந்ததை நான் பார்த்தேன். என் கோட்டை போய்விட்டது என்று தெரிந்துவிட்டது. ஏழாவது தடவை.

ஹரிணி விம்மிக்கொண்டே என் விரலை இன்னும் இறுக்கினாள். ஆசாரி அடுத்த காதைப் பிடித்தார். போன் இரண்டாவது தடவை அதிர்ந்தது, கோட்டை விழுந்த தகவலாக இருக்கும். நான் அசையவில்லை.